எல்லாம் பிளாஸ்டிக்

செப்டம்பர் 3, புதன்

புது வேலைக்கு முதல் நாள். குடையை வீட்டிலேயே மறந்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தேன்.

கல்லூரி புரூக்ளினில், ஒரு கட்டில் மெத்தைக் கடைக்கும் பல் டாக்டர் கிளினிக்குக்கும் நடுவே நான்கு மாடி. யூதர்கள் நடத்தும் தனியார் கல்லூரி. மாணவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் தாடியும் கறுப்புக் கோட்டுமாக, மனைவிமார் தலைமுடியை விக் வைத்து மறைத்துக்கொண்டு, வேதப்படி வாழ்கிறவர்கள். இன்னொரு வகையினர் பெயருக்கு யூதர்கள், ஓய்வுநாளான சனிக்கிழமையும் கார் ஓட்டுவார்கள், எந்த விரதமும் கிடையாது. பாடவகுப்புகளில் ஆணும் பெண்ணும் தனித்தனி. ஆய்வகம் ஒன்றே ஒன்று இருப்பதால் அங்கு மட்டும் ஆண்கள் ஜன்னல் பக்கம், பெண்கள் கதவுப் பக்கம். விரதம் இல்லாதவர்கள் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம். பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பதால் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் இரண்டு, பால் சேர்ந்ததற்கு நீலம், இறைச்சிக்குச் சிவப்பு. என் சாம்பார் சாதம் இரண்டிலும் சேர்த்தி இல்லையாம். ஆறினதையே சாப்பிட்டேன்.

டீன் பெர்லோ அம்மாள் ஒல்லியாக, வேகமாகப் பேசுகிறார். பிசியோதெரபி மாணவர்களுக்கு நான் உடற்கூறியல் நடத்த வேண்டும். டிசம்பர் வரை ஒப்பந்தம், அதன்பின் திருப்தியாக இருந்தால் நிரந்தரம். இந்தக் கட்டடத்தில் மனித உடலோ எலும்போ கிடையாது என்று குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்துத்தான் இந்தப் படிப்பையே தொடங்கினார்களாம். பொருள்பட்டியலைக் கையில் கொடுத்தார். எலும்புக்கூடு, ஒன்று, பிளாஸ்டிக். மண்டையோடு, மூன்று, பிளாஸ்டிக்.

அந்த வாக்கு ஏன் என்பது கீழே வாசலில் தெரிந்தது. மழையில் ஒருவர் நடைபாதையிலேயே நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும், சிவந்த தாடி, தொப்பிக்குமேல் பிளாஸ்டிக் பை. பெயர் பெசாலெல் காட்ஸ். மூன்று பிள்ளைகளின் தகப்பன். பத்து வருடம் வேதம் மட்டுமே படித்துவிட்டு இப்போது பிழைப்புக்கு ஒரு படிப்பு வேண்டும் என்று வந்திருக்கிறார். அவர் கோஹென். அதாவது பழைய ஆலயத்துக் குருக்கள் வம்சம். இறந்தவர் உடலோடு ஒரே கூரையின்கீழ் அவர்கள் இருக்கக் கூடாது. பெற்ற தாய் தகப்பன், மனைவி மக்கள் என்றால்தான் விலக்கு.

“டாக்டர் கோமதி, உள்ளே இறந்தவர் யாருடையதாவது இருக்கிறதா? ஒரு எலும்பாவது, ஒரு பல்லாவது?” என்று கேட்டார்.

நான் சிரித்தேன். எல்லாம் பிளாஸ்டிக் என்றேன். டீனின் காகிதத்தைக் காட்டப் போனேன், அவர் அதைப் பார்க்கவில்லை. உங்கள் வார்த்தை போதும் என்று சொல்லிவிட்டுப் படியேறி உள்ளே வந்தார்.

தம்பி நயினார் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். விசா விஷயமாகத்தான் கேட்பான். எடுக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஆய்வக அலமாரியைத் திறந்து சாமான்களைச் சரிபார்த்தேன். எலும்புக்கூட்டுக்கு மாணவர்கள் வைத்த பெயர் மோரிஸ். மூடிப்போன வேறொரு பள்ளியிலிருந்து மூன்று வருடம் முன்பு மொத்தமாக வாங்கிய சாமான்களோடு வந்ததாம். மேலே தடிமனாக வெள்ளைப் பெயின்ட். அதன் கையை எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம்.

தரமான பிளாஸ்டிக்.

வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். முற்றல்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று ஊரில் பதினாறு. கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். வேலைக்குப் போனேன்.

செப்டம்பர் 11, வியாழன்

முதல் ஆய்வக வகுப்பு. பதினான்கு பேர். மோரிஸின் மேல்கை எலும்பைக் கழற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். பெசாலெல் அதை இரண்டு கையாலும் ஏந்தி, திருப்பித் திருப்பிப் பார்த்து, தசை பிடிக்கும் மேடுகளை ஒன்றுவிடாமல் சொன்னார். வகுப்பில் கெட்டிக்காரர் அவர்தான்.

ஜன்னல் பக்கம் ஆண்களுக்கு நடுவே ஜம்மென்று உட்கார்ந்திருப்பவள் ரிம்மா கல்பெரின். ஒடெசாவிலிருந்து சின்ன வயதில் வந்தவள், இப்போது நாற்பத்து நான்கு. கடவுளோடு தனக்குச் சகவாசம் இல்லை என்று முதல் நாளே அறிவித்தாள். பெசாலெலைச் சீண்டுவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அவரும் கோபப்படுவதில்லை. பாடத்தில் சந்தேகம் வந்தால் அவள் அவரிடம்தான் போகிறாள்.

வகுப்பு முடிந்ததும் பெசாலெல் மோரிஸின்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினார். பிளாஸ்டிக்குக்குக் குளிராது என்றாள் ரிம்மா. பிளாஸ்டிக் ஆனாலும் மனிதனின் உருவம் அல்லவா, அம்மணமாக நிற்க வேண்டாம் என்றார்.

அலமாரியைப் பூட்டிவிட்டுக் கையை மூன்று தடவை கழுவினேன். பெயின்ட் வாடை போகவில்லை. ஏன் மூன்று தடவை என்று தெரியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று மதியம் வகுப்பு இல்லை. மோரிஸின் மண்டையோட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். பெயின்ட் அடித்தவன் பற்களின் உள்பக்கம்வரை தூரிகையை விடவில்லை.

வெற்றிலைக் காவி.

கீழ்வரிசை முழுக்க, உள்பக்கம், செங்கல் நிறத்தில். கடைவாய்ப் பற்களில் கறுத்திருக்கிறது. சங்கரன்கோவில் சந்தையில் மல்லிகைப்பூ விற்கிற பெண்கள் வாயில் பார்த்த அதே காவி. எந்தத் தொழிற்சாலையும் பிளாஸ்டிக்கில் அதைச் செய்யாது.

பிறகு மற்றதையும் பார்த்தேன், இனிப் பார்க்காமல் இருப்பதில் அர்த்தம் இல்லை. இடுப்பெலும்பு பெண்ணுடையது. கழுத்துக்குக் கீழே காறையெலும்பின் முனை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இருபத்தைந்துக்குள். மோரிஸ் ஒரு பெண், எங்கள் பக்கத்துப் பெண். ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து எலும்புகள் கப்பல் ஏறி உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளுக்குப் போயின. யார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. முதலாண்டில் என் விடுதிக் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய எலும்பு இருந்தது, சீனியர் அக்காவிடமிருந்து கைமாறி வந்தது. பரீட்சைக்கு முன்னால் தொடையெலும்பை மடியில் வைத்துக்கொண்டே முறுக்குத் தின்றிருக்கிறேன்.

பெசாலெலிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஆய்வகத்தை மூடுவார்கள். ஆய்வகப் பயிற்சியை டிசம்பருக்குள் முடிக்காதவர்களுக்கு இந்தப் பருவமே போய்விடும். மூன்று பிள்ளைக்காரர். போனது போனதுதான், தெரியாமல் நடந்ததில் பாவம் இல்லை என்று அவர்கள் வேதத்திலும் இருக்காதா? தெரிந்தால்தானே அவருக்குச் சங்கடம்.

அவருடைய நன்மைக்குத்தான் யோசிக்கிறேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

அவர்களுடைய ஓய்வுநாள் இன்று மாலையே தொடங்குவதால் பன்னிரண்டு மணிக்கே கல்லூரி மூடிவிட்டது. துணி துவைத்தேன். மூன்று மாணவர்கள் வந்து நிரந்தர வேலைக்கு உங்கள் பெயரைத்தான் சொன்னார்கள் என்று டீன் நேற்று சொன்னார். பெசாலெல் அதில் ஒருவர்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை மறுநாள் அவர்களுடைய பெரிய விரதம். இருபத்தைந்து மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் ஒருவரிடம் ஒருவர் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கமாம். மனிதனுக்குச் செய்த தப்பை மனிதனே மன்னித்தால்தான் உண்டு, கடவுள் அதில் தலையிட மாட்டார் என்று ரிம்மா விளக்கினாள். விரதம் இல்லாதவள்தான், ஆனாலும் அவளும் என்னிடம் வந்து, உங்கள் உச்சரிப்பை ஒருநாள் கேலி செய்தேன், மன்னியுங்கள் என்றாள். நான் அவள் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

கடைசியாக பெசாலெல் வந்தார். அறைக் கதவை வழக்கம்போல் பாதி திறந்தே வைத்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“இந்த ஒரு மாதத்தில் சொல்லாலோ செயலாலோ உங்களை வருத்தியிருந்தால் மன்னிக்க வேண்டும்” என்றார்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லையே என்றேன். அவர் அப்படியே நின்றார். இதில் இரண்டு பக்கமும் உண்டு என்பது எனக்குப் புரிந்தது. நான் மன்னிப்புக் கேட்பதற்கு அவர் இடம் கொடுத்துக்கொண்டு நின்றார். அலமாரிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

“நல்லபடியாக விரதம் இருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என்ன மனுஷி நான்.

அக்டோபர் 9, வியாழன்

அவர்களுக்குக் கூடாரப் பண்டிகை, ஒரு வாரம் கல்லூரி கிடையாது. வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். அடுப்பைக் கழற்றிக் கழுவினேன். செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் நயினாரின் போனை எடுத்துவிட்டேன்.

அவன் சண்டை போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்பாவின் அஸ்தியில் பாதியைப் பாபநாசத்தில் கரைத்துவிட்டானாம். ஊரில் பொம்பிளைப் பிள்ளைக்கு அதில் பங்கு என்று ஒன்று கிடையாது. இருந்தும் மீதியை எனக்காக எடுத்து வைத்திருக்கிறான்.

“கலயத்துல போட்டு, துணி கட்டி, தோட்டத்து வேப்பமரத்துல தொங்க விட்டிருக்கேன்க்கா. வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுல்லா. விசா கெடச்சதும் வந்துரு. மழைக்காலம் வருது.”

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி அப்பா போனார். எரியூட்டியதைப் போனில் பார்த்தேன். பிடித்துக்கொண்டிருந்தவன் கை ஆடியதால் பாதி நேரம் வானம்தான் தெரிந்தது. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், இப்போது வெளியே போனால் திரும்ப முடியாது என்று நயினாரிடம் சொன்னேன். இந்த நோட்டிலும் விசா என்றே எழுதிவைத்திருக்கிறேன்.

விசாவாவது மண்ணாவது. எனக்கு கிரீன் கார்டு வந்து மூன்று வருடமாகிறது. நினைத்திருந்தால் அன்றே விமானம் ஏறியிருக்கலாம். போனால் பதினாறாம் நாள் காரியம் முடியாமல் திரும்ப முடியாது, முதல் வகுப்புக்கு ஆள் இல்லையென்றால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் பாடம் நடத்தியவள் இங்கே ஆறு வருடமாகக் கடையில் வேலைக்கு நின்று நின்று, மறுபடி ஒரு வகுப்பறை கிடைத்திருக்கிறது. அதை விட மனசில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அப்பாவையே விட்டுக்கொடுத்து வாங்கின வேலை. அதை ஒரு உண்மைக்காக எப்படித் தூக்கிப் போடுவது? பெசாலெலின் பிள்ளைகள், அவருடைய பருவம் என்று நான் எழுதினதெல்லாம் பூச்சு. மோரிஸ் மேல் அடித்த பெயின்ட் மாதிரி.

அக்டோபர் 16, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பண்டிகை முடிந்து முதல் நாள். டீனிடம் முதலில் போனால் அவர் பேசியே என்னைத் தடுத்துவிடுவார் என்று தோன்றியது. பெசாலெல் மேலே ஆய்வகத்தில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று கூப்பிட்டு, மெத்தைக் கடை வாசல்வரை நடந்தேன். காற்று அடித்தது.

அந்த எலும்புக்கூடு பிளாஸ்டிக் இல்லை என்றேன். ஒரு பெண், இந்தியாக்காரி, இருபது இருபத்தைந்து வயது, பல்லில் வெற்றிலைக் காவி, நிஜ எலும்பு. நீங்கள் கையில் வைத்திருந்ததும்தான்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்களுக்கு எப்போது தெரியும்?”

பற்களைப் பார்த்தது செப்டம்பர் பதினெட்டு. அதைச் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தேன். வாய் அதற்கும் முந்திய உண்மையைச் சொன்னது. “நான்காம் தேதி. அதன் கையைத் தூக்கினதுமே தெரியும்.”

“நான் கேட்ட மறுநாள்” என்றார்.

திரும்பி நடந்தார். கோட்டும் பையும் மேலேயே இருந்தன, அவற்றை எடுக்க அவர் இனி உள்ளே போக முடியாது. ரிம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டையும் தூக்கிக்கொண்டு தெருவில் அவர் பின்னால் ஓடினாள்.

அக்டோபர் 17, வெள்ளி

டீன் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்கு என்று இரண்டு தடவை சொன்னார். ஏன் முதலில் என்னிடம் வரவில்லை என்றார். வந்திருந்தால் நான் இன்றுவரை பெசாலெலிடம் சொல்லியிருக்க மாட்டேன் என்றேன். அது உண்மை. டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பு இல்லை. வகுப்புகளை மட்டும் முடித்துக் கொடுக்கச் சொன்னார், பாதியில் ஆள் தேட முடியாதாம்.

மதியம் நகரத்தின் பிரேதப் பரிசோதனை அலுவலகத்திலிருந்து இருவர் வந்து அவளை எடுத்துக்கொண்டு போனார்கள். பெசாலெலின் வெள்ளைத் துணி மேலே இருந்தது. அந்தத் துணியை எடுக்கப் போனவரிடம், அது இருக்கட்டும் என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

இன்று ஊரில் தீபாவளி. அப்பா இறந்த வருடம் என்பதால் நமக்குக் கிடையாது.

பெசாலெல் நடைபாதையில் காத்திருந்தார். தன் ரப்பியிடம், அதாவது குருவிடம், கேட்டுவிட்டாராம். விடையை வரிசையாகச் சொன்னார். தெரியாமல் நடந்ததற்கு அவர்மேல் குற்றம் இல்லை. அதோடு, இந்தச் சட்டம் முழுக் கடுமையோடு இருப்பது யூதர்களின் உடலுக்கு. மற்றவர்கள் என்றால், கட்டாயத் தேவையில், கொஞ்சம் தளர்த்தலாம் என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. எலும்பும் போய்விட்டது. ஆகவே அவர் தாராளமாக வகுப்புக்கு வரலாம்.

அப்படியானால் முதலிலேயே வழி இருந்ததா என்றேன்.

“முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றைக்கே போன் செய்து கேட்டிருப்பேன். கேட்பதற்குத்தான் ரப்பி இருக்கிறார். என் கேள்வியை நீங்களே வைத்துக்கொண்டு, பதிலும் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள்” என்றார். குரல் உயரவே இல்லை.

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். அந்தப் பெண் யார் என்றுதான் ரப்பி முதலில் கேட்டாராம். இந்தியாக்காரி, வெற்றிலை போடுகிறவள் என்பதற்குமேல் இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ரப்பிக்கு அது போதுமானதாக இருந்தது. அதுதான் இவருக்குத் தொண்டையில் நிற்கிறது. அவள் எங்களவள் இல்லை என்பதால் எனக்குக் கதவு திறக்கிறது, அந்தக் கதவுக்குள் எப்படி நுழைவது என்றார். ரப்பியின்மேல் குறை சொல்லவில்லை. சட்டம் சட்டம்தான், தளர்த்தினது என்மேல் உள்ள இரக்கத்தால்தான் என்றார். ஆனால் அவளை அடக்கம் செய்கிறவரை தான் உள்ளே வருவதாக இல்லை.

ஆய்வகப் பயிற்சி ஐந்து பாக்கி இருக்கிறது, டிசம்பர் பன்னிரண்டு கடைசி என்று நினைவூட்டினேன். தேதி எனக்கும் தெரியும் என்றார்.

நவம்பர் 5, புதன்

பிரேதப் பரிசோதனை அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. நான் தினம் போன் போடுகிறேன். பெசாலெல் பாடத்தை நூலகத்திலிருந்து போனில் கேட்கிறார், அது வேறு கட்டடம். ரிம்மா தன் போனை என் மேசைமேல் சாய்த்து வைத்துவிடுகிறாள். என்னிடம் அவள் இப்போது பாடம் தவிர எதுவும் பேசுவதில்லை.

ஒரு நிறுவனத்தார் வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்து, மனித உடற்பாகம் ஏதும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். டீன் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வாசல் கதவில் மாட்டினார். அவர்கள் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்களே தவிர எதையும் கையில் எடுக்கவில்லை. அதனால் நான் எடுத்தேன். தினமும் வகுப்பு முடிந்ததும் ஒரு அலமாரி. பல்செட்டுகள், காதுக்குள் இருக்கிற குட்டி எலும்புகளின் மாதிரி, பிசினில் பதித்த விரல் மாதிரிகள், எல்லாவற்றையும் தொட்டு, முகர்ந்து, தேவையானால் ஊசி வைத்துச் சுரண்டி. யாரும் செய்யச் சொல்லவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. பெண், இருபதிலிருந்து இருபத்தைந்து, தெற்காசியா, அறுபது எழுபது வருடம் முந்தியது. குற்றம் என்று எதுவும் இல்லை. கல்லூரி பொறுப்பேற்காவிட்டால் நகரமே பொதுக்குழியில் புதைத்துவிடும். டீன் அதற்குத்தான் சம்மதமாக இருந்தார். பெசாலெல் ஒரு கடிதம் எழுதி, இரு வகை மாணவர்களிடமும் கையெழுத்து வாங்கச் செய்திருக்கிறார். கதவுப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் போட்டிருந்தார்கள். மூன்று வருடம் நமக்குப் பாடம் சொன்னவளை நாமே அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. டீன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உங்கள் வழக்கத்தில் எரிப்பதா புதைப்பதா என்று என்னைக் கேட்டார். அவள் எந்த சாதி, எந்த மதம், யாருக்குத் தெரியும்? வெற்றிலையை எல்லாரும்தான் போடுகிறார்கள். எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் புதைக்கிறவர்கள். புதையுங்கள் என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஊருக்கு வெளியே ஒரு பொது இடுகாடு. வெயில் இருந்தது, சூடு இல்லை. இருபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். சாதாரணப் பலகைப் பெட்டி, குழந்தைக்கானது போலச் சின்னது. எலும்பு மட்டும்தானே.

பெசாலெல் கம்பிவேலிக்கு வெளியே சாலையில் நின்றார். கோஹென் இடுகாட்டுக்குள் வர முடியாது. அவளுக்காக இவ்வளவு பாடுபட்டவர், மரக்கிளையும் கூரைக் கணக்கு என்பதால் அது தலைக்குமேல் வராத இடமாகப் பார்த்து, தள்ளி நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் எரியூட்டு ஞாபகம் வந்தது. நானும் தள்ளித்தான் நின்றேன். என்னை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மண் தள்ளும் முறையை ரிம்மா எனக்குச் சொன்னாள், ஒரு மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் பாடம் அல்லாத பேச்சு. முதல் அள்ளலை மண்வெட்டியின் பின்பக்கத்தால் தள்ள வேண்டும், இந்த வேலையில் நமக்கு அவசரம் இல்லை என்று காட்ட. அப்புறம் மண்வெட்டியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது, மண்ணில் குத்தி வைத்துவிட வேண்டும், அடுத்தவர் தானே எடுத்துக்கொள்வார். துக்கத்தை யாரும் யாருக்கும் கைமாற்றக் கூடாதாம்.

என் முறை வந்தபோது வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது.

“டாக்டர் கோமதி, எனக்காகவும்.”

பின்பக்கத்தால் ஒன்று, நேராக இரண்டு, அவருக்காகத் தள்ளினேன். எனக்காக ஒன்று. மண்வெட்டியைக் குத்தி வைத்துவிட்டு, மறுபடி நானே எடுத்து இன்னொன்று தள்ளினேன். அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. பலகையில் மண் விழுகிற சத்தத்தில்தான் அழுகை வந்தது. அப்பா போய் மூன்று மாதத்துக்கு அப்புறம்.

வாசலில் ரிம்மா எல்லார் கைக்கும் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். ஈரக்கையோடு சாலைக்குப் போனேன். செப்டம்பரில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டேன், என்னை மன்னியுங்கள் என்று.

பெசாலெல் யோசித்தார். மரியாதைக்காகச் சரி என்று சொல்லுகிற ஆள் இல்லை.

“இப்போது முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். உங்களிடம் நான் பொய் சொல்லக் கூடாது” என்றார்.

நியாயம்.

நவம்பர் 24, திங்கள்

நயினாருக்கு நானே போன் போட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது, பின்னால் காக்கை கத்தியது. விசா என்று ஒன்றும் இல்லை, வேலைக்காகத்தான் வரவில்லை என்று சொன்னேன்.

போனை வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்.

“இத ஏன்க்கா இப்ப சொல்லுத? சொல்லாமலே இருந்திருக்கலாம்லா” என்றான். அழுகிறான் என்று தெரிந்தது. நான் சமாதானம் சொல்லவில்லை. சமாதானம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. கொஞ்சம் கழித்து, “என்னைக்கு வாரே?” என்றான்.

டிசம்பர் பதினான்கு என்றேன். கலயத்துக்குமேல் தகரம் கவிழ்த்திருக்கிறானாம், மழை இறங்காது.

டிசம்பர் 4, வியாழன்

புது எலும்புக்கூடு வந்திருக்கிறது. பெயர் வைக்க யாரும் முன்வரவில்லை. மூடிக் கிடந்த ஆய்வகத்தை இன்று திறந்தோம். ஐந்து பயிற்சியையும் ஒரு வாரத்தில் முடிக்க டீன் அனுமதி கொடுத்துவிட்டார், தினமும் வந்தால் சரியாக இருக்கும்.

காலை ஒன்பதுக்கு பெசாலெல் வந்தார். படியேறவில்லை. முதல் நாள் நின்ற அதே இடத்தில் நடைபாதையில் நின்றார். கதவில் சட்டம் போட்ட சான்றிதழ் அவர் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. டீனும் வாசலுக்கே வந்து, முத்திரையோடு கொடுத்திருக்கிறார்கள், வாருங்கள் என்று அதைக் காட்டினார். பின்னால் ரிம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் சான்றிதழைப் படிக்கவில்லை. டீனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“டாக்டர் கோமதி, உள்ளே இறந்தவர் யாருடையதாவது இருக்கிறதா?”

இந்த முறை நான் சிரிக்கவில்லை.

“இல்லை. ஒவ்வொன்றையும் நானே தொட்டுப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாறு உருப்படி.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியேறி உள்ளே வந்தார்.

ஒன்பதரைக்கு வகுப்பைத் தொடங்கினோம். இன்று முழங்கால்.